ஏழாம் நாள் யாருடையது?

நாளைச் சூரியன் கொடுத்தது. மாதத்தைச் சந்திரன் கொடுத்தது. பருவங்கள் திரும்பி வருவதைக் கண்டு மனிதன் ஆண்டை அறிந்தான். ஆனால் வாரத்தைக் கொடுத்தது யார்? வானத்தை எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தாலும், ஏழு நாளில் ஒரு சுற்றை முடிக்கும் பொருள் எதுவும் கண்ணில் படாது. சந்திர மாதத்தின் கால் பங்குதானே என்று கேட்கலாம். அந்தக் கால் பங்கு ஏழு நாளைத் தாண்டி இன்னும் ஒன்பது மணி நேரம் போகிறது. நான்கு வாரம் முடிவதற்குள் கணக்கு ஒன்றரை நாள் பிசகிவிடும். வாரம் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அமாவாசைக்காகவும் அது நிற்காது. வருஷப் பிறப்புக்காகவும் நிற்காது. மனிதன் தன் மனத்தால் கட்டிய அளவு அது.

அதை இத்தனை உறுதியாகக் கட்டியவர்கள் பழைய எபிரெய மக்கள். ஞாயிறு, திங்கள் என்று நாம் வானத்துச் சுடர்களின் பெயரால் நாட்களை அழைக்கிறோம். அவர்கள் முதல் நாள், இரண்டாம் நாள் என்று வெறுமனே எண்ணிக்கொண்டு போனார்கள். ஏழாவதற்கு மட்டும் ஒரு பெயர் வைத்தார்கள்: ஷபாத். தமிழ் பைபிளில் அது ஓய்வுநாள் என்று வருகிறது. நல்ல சொல்தான். ஆனால் மூலச் சொல்லில் களைப்பாறுதலைவிட நிறுத்துதல் என்ற பொருளே தூக்கலாக இருக்கிறது. கையிலிருப்பதைக் கீழே வை என்கிறது அது; களைத்திருக்கிறாயா என்று விசாரிக்கவில்லை.

அவர்களுடைய நாள் மாலையில் பிறக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் விளக்கை ஏற்றிவிட வேண்டும். மறுநாள் இருட்டி மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தால் ஷபாத் முடிந்தது. நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. இரண்டிலும் ஒரு நியாயம் உண்டு: நாள் பிறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இன்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் நாளோ நள்ளிரவில் பிறக்கிறது. ஊர் உறங்கும் நேரத்தில், கடிகாரத்துக்கு மட்டுமே தெரியும்படி பிறக்கிறது.

மாதத்தையும் அவர்கள் கண்ணால்தான் பார்த்தார்கள். பைபிளின் பழைய பகுதிகளில் வசந்த மாதத்துக்கு ஆபிப் என்று பெயர். வாற்கோதுமைக் கதிர் முற்றும் பருவத்தைக் குறிக்கும் சொல் அது. நீசான் முதலிய பெயர்கள் பாபிலோனியச் சிறைவாசத்துக்குப் பிறகு வந்தவை. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. அப்படியே விட்டால் வசந்த விழா மெல்ல மெல்லக் குளிர்காலத்துக்குள் போய்விடும். அதனால் சில ஆண்டுகளில் பதின்மூன்றாவதாக ஒரு மாதத்தைச் சேர்த்தார்கள்.

பிறை தெரிந்தது என்பதை யார் சொல்வது? இங்கேதான் விஷயம் சுவைப்படுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பிறையைக் கண்டவர்கள் நியாயசபைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் தங்குவதற்கென்றே எருசலேமில் ஒரு பெரிய முற்றம் இருந்தது. மறுமுறையும் மனமுவந்து வரவேண்டுமே என்று அவர்களுக்கு அங்கே விருந்து வைத்தார்களாம். சாட்சி உண்மை என்று தெரிந்தால் மலையுச்சிகளில் தீ மூட்டுவார்கள். ஒரு மலைத் தீயைக் கண்டு அடுத்த மலையில் தீ. இப்படிச் செய்தி பாபிலோன் வரை போகும். பின்னால் எதிரிகள் பொய்த் தீ மூட்டிக் குழப்பவே ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

எல்லாரும் சாட்சி சொல்லிவிட முடியாது. சூதாடி கூடாது. வட்டிக்குக் கொடுப்பவன் கூடாது. ஏழையின் அவசரத்தை விலை பேசுகிறவன் வானத்து நிலவைப் பற்றிச் சொன்னாலும் நம்பாதே என்று அவர்கள் நினைத்தார்கள் போலும். ஆனால் அதே பட்டியலில் அடிமையும் வருகிறான். பெண்ணின் சாட்சியும் ஏற்கப்படவில்லை. ஊருக்கெல்லாம் முன்னே எழுந்து வாசலுக்கு வருகிறவர்கள் இவ்விருவருந்தான். இவர்கள் கண்ட நிலவு நிலவல்ல! அந்தப் பழைய மக்களை மெச்சத் தொடங்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மிஷ்னா சொல்லும் ஒரு நிகழ்ச்சி என் மனத்தைவிட்டு அகலாதது. எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் இடிந்த பின் யவ்னே என்ற ஊரில் சபை கூடிவந்தது. தலைவர் கமாலியேல். ஒருமுறை இரண்டு பேர் வந்து பிறையைக் கண்டதாகச் சொன்னார்கள். அடுத்த இரவு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய பிறை தெரியவேயில்லை. இருந்தும் கமாலியேல் அவர்கள் சாட்சியை ஏற்று மாதப் பிறப்பை அறிவித்துவிட்டார். தோசா என்ற முதியவர் சிரித்தார். நேற்றே பிள்ளை பெற்றுவிட்டாள் என்கிறீர்கள், இன்று நிறைவயிற்றோடு நிற்கிறாளே என்ற மாதிரி கேட்டார். பெரிய அறிஞரான யோசுவா அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். அந்த மாதம் சாதாரண மாதமல்ல. அதன் பத்தாம் நாள்தான் ஆண்டின் மிகப் புனிதமான நோன்பு நாள். இருவர் கணக்குப்படி இரண்டு நோன்பு நாள் வரும்.

கமாலியேல் யோசுவாவுக்கு ஆள் அனுப்பினார்: உம்முடைய கணக்குப்படி எந்த நாள் நோன்போ, அந்த நாளில் கைத்தடியும் பணப்பையுமாக என்னிடம் நடந்து வாரும் என்று. தாம் புனிதம் என்று நம்பிய நாளைத் தம் காலாலேயே மிதித்துக்கொண்டு வரச் சொன்னது அந்த உத்தரவு. யோசுவா துடித்துப்போனார். மாணவராயிருந்த அகிபா அவரைத் தேற்றினார். விழாக்களை நீங்கள் அறிவிக்க வேண்டும் என்றுதானே சட்டம் சொல்கிறது. சரியான நாளானாலும் தவறான நாளானாலும் மக்கள் சேர்ந்து அறிவித்ததே விழா என்பது அகிபாவின் வாதம். யோசுவா தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் எனக்கு ஆசிரியர், பணிவில் என் மாணவர் என்ற கருத்தில் வரவேற்றார்.

எனக்குக் கமாலியேலைப் பிடிக்கவில்லை. அதிகாரம் படைத்தவன் தான் தோற்கக்கூடாது என்பதற்காகப் பிறரை நடக்க வைக்கும் கதை உலகத்தில் ஏராளம். யோசுவாவை மீண்டும் மீண்டும் அவமதித்ததற்காக அவரைப் பிறகு தலைமைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள் என்று தால்மூது சொல்கிறது, வேண்டியதுதான். ஆனால் யோசுவா நடந்தது வேறு காரணத்துக்காக. இரண்டு நோன்பு நாள் என்றால் இரண்டு ஊர், இரண்டு மக்கள். ஆலயமும் நாடும் போய்விட்ட ஒரு கூட்டத்துக்கு மிஞ்சியிருந்தது பொதுவான ஒரு நாள் மட்டுந்தான். அதையும் தம் கணக்குச் சரியாயிருந்தது என்பதற்காக உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து மக்களுக்குத் துல்லியம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் ஒரு மணியை 1,080 பங்காகப் பிரித்தார்கள். சந்திர மாதம் 29 நாள், 12 மணி, 793 பங்கு என்று கண்டார்கள். பிற்காலத்தில் சாட்சிகளை விட்டு இந்தக் கணக்கையே நிரந்தரமாகக் கைக்கொண்டார்கள். அப்போதும் கணக்கு மனிதனுக்காக வளைந்தது. நோன்பு நாள் வெள்ளியிலோ ஞாயிறிலோ வந்து ஷபாத்தோடு ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சமைக்க முடியாது, இறந்தவரை அடக்க முடியாது; ஆகவே ஆண்டுத் தொடக்கத்தை ஒரு நாள் தள்ளி வைக்கலாம் என்று விதி செய்தார்கள்.

நம் காலத்துக் கடிகாரமும் உடன்பாடுதான். ஆனால் அந்த உடன்பாட்டைச் செய்து வைத்தது ரயில். 1905 வரை இந்திய ரயில்கள் சென்னை வான ஆராய்ச்சிக்கூடத்து நேரப்படி ஓடின. ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் வேறாயிருந்தது. 1906 முதல் நாட்டுக்கென்று ஒரு பொது நேரம் வந்தது. சென்னை அதற்காகச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னே போனது. 1967-ல் விநாடியையே சூரியனிடமிருந்து பிடுங்கி சீசியம் அணுவிடம் ஒப்படைத்தார்கள். பூமி அந்த அணுவைப் போல் சீராகச் சுற்றுவதில்லை. அதனால் 1972-லிருந்து 2016 வரை இருபத்தேழு முறை கடிகாரத்தில் ஒரு விநாடியைச் செருகினார்கள். 2035-க்குள் அந்தச் சடங்கையும் விட்டுவிடுவது என்று 2022-ல் நாடுகள் கூடித் தீர்மானித்தன. கணினிகளுக்கு அது தொல்லையாம்! நோன்பு நாளைச் சமையலுக்காகத் தள்ளினவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை.

ஆகக் காலம் என்பது எப்போதும் மனிதர் கூடிச் செய்யும் ஏற்பாடு. எதற்காகக் கூடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பத்துக் கட்டளைகள் பைபிளில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமத்தில், ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தான், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்று காரணம் சொல்லப்படுகிறது. உபாகமத்தில் காரணம் மாறுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள். இந்த இரண்டாவது காரணம் ஆறாத புண்ணிலிருந்து வருவது. பார்வோனிடம் மூன்று நாள் விடுமுறை கேட்டார்கள் எபிரெய அடிமைகள். சோம்பேறிகள் என்றான் அவன். செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலைக் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல்லின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அப்படி வதைபட்டவர்கள் பிறகு தங்களுக்குச் சட்டம் செய்தபோது, நான் ஓய்வெடுப்பேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதினார்கள். மாட்டை ஏன் எழுத வேண்டும்? அது வழிபடப் போவதில்லையே! உடையவனுக்கு அதன் முதுகின்மேல் உள்ள உரிமை ஆறு நாளோடு தீர்ந்தது என்பதற்காகத்தான்.

வியாபாரிகளுக்கு இது கசந்தது. ஷபாத் எப்போது தீரும், தானியத்தை எப்போது விற்கலாம், மரக்காலைச் சிறிதாக்குவது எப்போது என்று தவிப்பவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி சுடச்சுடப் பேசியிருக்கிறார். ரோமாபுரியின் அறிஞர் செனேகாவுக்கோ இது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணாக்கும் மூடப் பழக்கமாகத் தெரிந்தது. பார்வோன் சொன்னதையே செனேகாவும் சொல்கிறார், படித்தவர் நடையில். இதற்குப் பதில் சொல்ல வந்தவர்கள், ஓய்ந்தால்தானே புதுத் தெம்போடு உழைக்கலாம் என்று வாதாடினார்கள். இன்றும் ஆலை நிர்வாகிகள் அதைத்தான் சொல்கிறார்கள். அது தோற்றுப்போன வாதம் என்பேன். ஓய்வை உழைப்புக்குத் தீனியாக்கிவிட்டால், தெம்பு இன்னும் இருக்கிறதே, ஏன் ஓய்கிறாய் என்று எந்த முதலாளியும் கேட்கலாம்.

சோவியத் ரஷ்யாவில் 1929-ல் ஒரு பரீட்சை நடந்தது. இயந்திரம் ஒருநாளும் நிற்கக்கூடாது என்பதற்காக ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டு, தொழிலாளரை ஐந்து கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை கொடுத்தார்கள். எண்ணிப் பார்த்தால் முன்னைவிட அதிக விடுமுறை! ஏழில் ஒன்று போய் ஐந்தில் ஒன்று. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைக்கு வேறொரு நாள். வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் ஓய்வா என்று தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். ஏற்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்து, 1940-ல் பழைய வாரத்துக்கே திரும்பினார்கள். யோசுவா தடியெடுத்து நடந்ததன் அருமை இங்கே தெரிகிறது. உலகமுழுதும் ஒரே விநாடியில் துடிக்கும் கடிகாரம் நம் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருகிறோம். ஓய்வை மட்டும் ‘ஷிப்ட்’ போட்டுப் பிரித்துக்கொள்கிறோம்.

நமக்கு ஞாயிறு விடுமுறை வந்த வழியும் இந்த ஏழாம் நாளிலிருந்து கிளைத்ததே. கிறிஸ்தவர்கள் அதை அடுத்த நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தான். ஆனாலும் ஆலையில் வேலை செய்தவனுக்கு அதைத் தானாகக் கொடுத்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-ல் கேட்கத் தொடங்கி, 1890-ல்தான் முதலாளிகள் இணங்கினார்கள். மறு ஆண்டு சட்டமும் வந்தது.

அந்தப் பழைய கட்டளையின் பட்டியலை மறுபடி பாருங்கள். மகன் உண்டு, மகள் உண்டு, மாடுகூட உண்டு. மனைவி இல்லை. ‘நீ’ என்ற சொல்லுக்குள்ளேயே அவள் அடங்கிவிட்டாள் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் வேறோர் இடத்தில் அதே நூல், ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டாதே என்று விதித்துவிட்டது. ஆகையால் யூத வீட்டுப் பெண் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பருப்பையும் இறைச்சியையும் பானையிலிட்டுத் தணலில் ஏற்றிவிடுவாள். மறுநாள் பகல் வரை அது தானாகவே வெந்துகொண்டிருக்கும். அடுப்பு அவளைக் கூப்பிடாது. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆடவர் எட்டு மணி வரை உறங்குகிறார்கள். பிள்ளைகள் பலகாரம் கேட்கிறார்கள். பகல் உணவுக்கு மற்ற ஆறு நாளிலும் இல்லாத கறிகள் வேண்டும். அதற்காக அன்று விடியுமுன்னே எழுந்து அம்மியும் அடுப்புமாக நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தோம். அம்மி போய் மின்சார யந்திரம் வந்த பின்பும், அன்று எழுந்திருக்கும் நேரம் மட்டும் மாறவில்லை.