சௌரி சௌராவை விட்டுவிடலாமா?

தங்கை இந்த வருடம் ஏ லெவல் எழுதுகிறாள். ஜெனரல் பேப்பர் பயிற்சியில் ஒரு கேள்வி: ‘சட்டத்தை மீறுவது எப்போதாவது நியாயமாகுமா?’ 1930 தண்டி யாத்திரையை வைத்து ‘ஆகும்’ என்று அழகாக எழுதியிருந்தாள்.

“சௌரி சௌரா எங்கம்மா?” என்றேன். 1922 பிப்ரவரியில், போலீஸ் சுட்டதும் ஒத்துழையாமை இயக்கக் கூட்டம் காவல் நிலையத்துக்கே தீ வைத்தது. 20க்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தார்கள்.

“அத எழுதினா என் பாயிண்டே அடிபட்டுடும்ண்ணா. மார்க் போயிடும்.”

என்னால் அதட்ட முடியவில்லை. போன செமஸ்டர் லேப் ரிப்போர்ட்டில், கோட்டோடு ஒத்துவராத இரண்டு அளவுகளை நீக்கியவன் நான். நல்ல கிரேடுதான்; இன்னும் உறுத்துது.

காந்தி அந்தச் சம்பவத்தை மூடி மறைக்கவில்லை. ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார், இயக்கத்தையே நிறுத்தினார். தண்டிக்கு நடந்தது அதற்குப் பிறகுதான்.

நண்பர்களே, நமக்குச் சாதகமான உதாரணம் சுலபமாகக் கிடைக்கும். பாதகமானதையும் எழுதிப் பார்த்து, அப்போதும் நம் கருத்து நிற்குதான்னு பார்க்கணும். நிற்காவிட்டால் கருத்தை மாற்ற வேண்டும், உதாரணத்தை அல்ல.

தங்கை ஒரு பத்தி சேர்த்தாள். அடுத்த ரிப்போர்ட்டில் எல்லா அளவுகளையும் போடுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.