எந்த வயரை வெட்டுவது?



இந்த இதழில் துறவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் இயந்திரப் பொறியியல் மாணவன். பெரிய தத்துவமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

சிரம்பானிலிருந்து படிக்க இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு வந்த பிறகுதான் ‘டிரையல்’ போட்டியைப் பார்த்தேன். இதில் வேகம் முக்கியம் இல்லை. பாறை, ஓடை, சேற்று மேடு இவற்றைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவை என்றால் 2, அதற்கு மேல் 3. கடக்க முடியாமல் போனால் 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ, அவருக்கே வெற்றி. சேமி மில்லர் என்ற வீரர் தன் ஏரியல் வண்டியின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே பெயர் வாங்கினார். 1965-இல் இன்னும் எடை குறைந்த புல்டாக்கோ வண்டியில் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார். குறைத்தவர்தான் ஜெயிக்கிறார்!

நானும் ஒரு நண்பனும் 1970-களில் வந்த யமஹா டிஒய் 175 ஒன்றை வாங்கினோம். ரோட்டில் ஓடிய வண்டி. ஹெட்லைட், டெயில் லைட், சிக்னல், ஹார்ன், பேட்டரி எல்லாம் இருந்தன. டேங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வயர்கள் மீ கோரெங் மாதிரி சிக்கிக் கிடந்தன.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் விளக்கினார். காந்தச் சக்கரம் சுற்றும்போது ஒரு சுருள் விளக்குகளுக்கு மின்சாரம் தருகிறது. இன்னொரு சுருள் ஸ்பார்க்குக்குத் தருகிறது. அதனால் இந்த வண்டியில் விளக்குகளையும் பேட்டரியையும் எடுத்தாலும் எஞ்சின் ஓடும். பேட்டரியை நம்பி ஸ்பார்க் தரும் வண்டியில் இது நடக்காது. “மூன்றை மட்டும் தொடாதே. ஸ்பார்க்குக்குப் போகும் வயர், எர்த், எஞ்சினை நிறுத்தும் வயர்” என்றார்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உதைத்தோம். ஸ்டார்ட் ஆகல. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க்கே இல்லை. ஒரு மணி நேரம் தேடின பிறகுதான் தெரிந்தது. இக்னிஷன் காயிலை மாட்டிய இடத்தில் நான் ஆசையாக அடித்த புதுப் பெயிண்ட் இருந்தது. அதனால் எர்த் கிடைக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் இரும்பு தெரியும் வரை சுரண்டினோம். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. ஆணவ மலம் உயிரை மறைக்கிறது என்று சமய வகுப்பில் படித்தோமே, அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சக்தி உள்ளே இருக்கத்தான் செய்தது. என் பெயிண்ட்தான் குறுக்கே நின்றது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ‘மூன்று எதற்கு, இரண்டு போதாதா?’ என்று நினைத்து நிறுத்தும் வயரையும் வெட்டிவிட்டேன். அடுத்த வாரம் ஓடைச் சரிவில் திராட்டல் கேபிள் சிக்கிக்கொண்டது. நான் விழுந்தேன். வண்டி சாய்ந்து கிடந்தபடியே அலறியது. பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நண்பனின் கால் ஒரு சாண் தூரம்தான். பெரியவர் ஓடிவந்து பிளக் தொப்பியைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. அவர் கையில் ஷாக் அடித்தது. என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

நண்பர்களே, அந்த நேரத்தில் என் வாழ்க்கையிலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ‘சிம்பிளா இருக்கப்போறேன்’ என்று சொல்லிக் காலையில் சாமி கும்பிடுவதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்வதையும் விட்டேன். “சாப்பிட்டியா? சாமி கும்பிட்டியா? பாடம் எப்படிப்பா போகுது?” இந்த மூன்று கேள்வியும் தொந்தரவாகத் தெரிந்தது. ஆனால் இரவு மூன்று மணி வரை விளையாடிய கேமை விடவில்லை. இரண்டு பாடங்களில் தோற்றேன். நான் வெட்டியது பாரத்தை இல்லை, என்னை நிறுத்தும் வயரை.

திருக்குறளில் 35-ஆவது அதிகாரம் துறவு. அதற்கு அடுத்தது மெய்யுணர்தல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர். எது மெய், எது பாரம் என்று தெரியாமல் விடுவது துறவு இல்லை. அது வெறும் வெட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் கப்சாயில் லைட்டைக் கழற்றிவிடாதீர்கள்! நம் மலேசியாவில் 1992 முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளுக்கு லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். ஓடைக்குப் பாரமாக இருப்பது சாலையில் உயிரைக் காக்கிறது. துறவிக்கு வேண்டாத பலவும் இல்லறத்தானுக்கும் மாணவனுக்கும் கடமை. நீங்கள் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து உங்கள் ‘வயர்களை’ எழுதுங்கள். உயிர் தருவது எது? பணிவோடு தரையில் வைத்திருப்பது எது? தவறும்போது நிறுத்துவது எது? இந்த மூன்றையும் பத்திரமாக வையுங்கள். மற்றதைப் பயப்படாமல் கழற்றுங்கள்.

இன்றைக்கு டிரையல் வீரர்கள் நிறுத்தும் சுவிட்சின் கயிற்றைக் கையிலேயே கட்டிக்கொள்கிறார்கள். விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். எங்கள் வண்டியிலும் அதை மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் போன் செய்கிறேன். அதே மூன்று கேள்விதான்.

திருச்சிற்றம்பலம்.