‘இவர்களுக்கு’ என்ற வார்த்தை இல்லாத ஜெபம்



இந்த முறை ஒரு ராஜாவைப்பற்றி எழுதக் கர்த்தர் என்னை ஏவினார்.

2023-ம் வருஷம் மார்ச் 31-ம் தேதி இங்கிலாந்து ராஜா மூன்றாம் சார்ல்ஸ் ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் பட்டணத்துக்குப் போனார். அங்கே பரிசுத்த நிக்கோலாஸ் ஆலயம் இருக்கிறது. ஆலயம் என்கிறேன், கூரை கிடையாது. இடிந்த சுவர்களும் 147 மீட்டர் உயரமுள்ள கறுத்த கோபுரமும்தான் மிச்சம். ஜெர்மன் ஜனாதிபதியோடு நின்று ராஜா மலர் வளையம் வைத்தார்.

அந்த ஆலயத்தை இடித்தது யார்? 1943 ஜூலை கடைசியில் ராத்திரிகளில் வந்து குண்டு போட்டது இங்கிலாந்து விமானங்கள்தான். பகலில் அமெரிக்க விமானங்கள். அந்தக் கோபுரமே அவர்களுக்கு வழி அடையாளம்! பட்டணம் அக்கினிச்சூளையாயிற்று. 30,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அப்போது ராஜாவாயிருந்தவர் இவருடைய தாத்தா ஆறாம் ஜார்ஜ்.

“ஏன் பாஸ்டர், ஜெர்மனிக்காரன் முதலில் செய்யலையா?” என்பீர்கள். செய்தான். 1940 நவம்பர் 14 ராத்திரி கவென்ட்ரி பட்டணத்தை நொறுக்கினான். 500-க்கு மேற்பட்டோர் செத்தார்கள், பேராலயம் எரிந்துபோயிற்று. ஹிட்லரின் அக்கிரமத்தை ஹாம்பர்க்கில் யாரும் மறைக்கவுமில்லை. தப்புவிக்கப்பட்ட யூதப் பிள்ளைகளின் நினைவுச்சின்னத்துக்கும் ராஜா அன்றே போனார்.

இப்போது கவனியுங்கள். எரிந்த கவென்ட்ரி ஆலயத்தின் தலைமைப் போதகர் அந்த இடிந்த சுவரில் இரண்டே வார்த்தை எழுதி வைத்தார்: ‘பிதாவே, மன்னியும்.’ சிலுவையில் ஆண்டவர் ‘இவர்களுக்கு’ என்று சொல்லி வேண்டினார். அவர் பாவமறியாதவர், அவருக்குத் தகும். இவரோ அந்த வார்த்தையை விட்டுவிட்டார். ரோமர் 3:23-ஐ வாசித்துப் பாருங்கள், காரணம் விளங்கும். கூரையிலிருந்து விழுந்த பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து ஒரு சிலுவையும் செய்தார்கள். அதே மாதிரி ஆணிச் சிலுவை ஹாம்பர்க் ஆலயத்திலும் இருக்கிறது. ராஜா போன அன்று கவென்ட்ரியின் ஜெபம்தான் அங்கே ஏறெடுக்கப்பட்டது.

சார்ல்ஸ் பிறந்தது 1948-ல். குண்டு போட்டது அவரல்ல. ஆனாலும் போய் நின்றார்.

இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எனக்கும் என் தம்பிக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. பதினொரு வருஷம் பேச்சு கிடையாது. உபவாச ஜெபத்தில், “ஆண்டவரே, என் தம்பியை மன்னியும்” என்று அழுவேன். நீங்களும் ஆமென் சொல்வீர்கள். ஆனால் பஞ்சாயத்தில் பத்துப்பேர் முன்னால் அவன் மனைவியைக்குறித்து நான் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை எந்த ஜெபத்திலும் நான் அறிக்கையிட்டதில்லை. முழங்காலில் நின்று, “பிதாவே, மன்னியும்” என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். மலர் வளையம் ஏது? பிள்ளைகளுக்கென்று மிக்சர் வாங்கினேன். அவர்கள் காலேஜுக்குப் போகிற வயசாகிவிட்டது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. தம்பி வீட்டில் இல்லை. அவள்தான் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்று, “அன்னைக்குப் பஞ்சாயத்துல நான் சொன்னது பாவம்மா. என்னை மன்னிக்கணும்” என்றேன்.

நெடுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவங்க கிணத்தடியில இருக்காங்க, அத்தான். காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.