குழலுக்குள் படிந்த உப்பு



திருவருகைக் காலம் இன்று தொடங்குகிறது. போர்க்கருவிகளை மக்கள் உழவுக்கருவிகளாக அடித்து மாற்றப்போகும் நாளைப் பற்றி எசாயா சொன்னதை முதல் வாசகத்தில் கேட்டோம். அப்படி உலைக்குப் போகாமல் தப்பிய துப்பாக்கிகளும் உலகில் ஏராளம். அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள்களைத் தேடிப்பிடித்து வாங்கிச் செப்பனிடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. கோவிலில் துப்பாக்கிப் பேச்சா என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்களிடம் நமக்குக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் இருக்கிறது.

ரஷ்யப் படை 1891-இல் ஏற்றுக்கொண்ட மோசின்-நாகந்த் ரைபிளையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் இவற்றைக் கழற்றி, உடைந்த கட்டைக்கு மரத்துண்டு வைத்து ஒட்டி, மேலே அரக்குப் பூசி, துருப்பிடிக்காமலிருக்கக் கெட்டியான கிரீஸ் தடவிப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்தார்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவை கப்பலேறின. நூறு டாலருக்கும் குறைவாக ஒரு ரைபிள் கிடைத்த காலம் உண்டு.

வாங்கியவருக்கு முதல் வேலை கிரீஸை எடுப்பது. இரும்பிலிருந்து சுலபமாகப் போய்விடும். கட்டையோ அதைக் குடித்து வைத்திருக்கும். வெயிலில் வைத்தால் கசியும், துடைத்தால் மறுபடி கசியும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

குழலின் கதை வேறு. பழைய ராணுவத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே எஃகைத் தின்னும். எண்ணெய் விட்டால் குழல் பளபளக்கும், ஆனால் உப்பு கரையாது. தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவி, காயவைத்து, அதன் பிறகுதான் எண்ணெய். ஒப்புரவு அருளடையாளத்துக்கு நம்மில் பலர் எண்ணெய்ப் புட்டியோடுதான் வருகிறோம். "கோபப்பட்டேன் சாமி" என்று பொதுவாக ஒரு பூச்சு. வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சு நின்றது, மருமகளை நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வி, அதெல்லாம் அடியிலேயே கிடக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஆசையில் இன்னொன்றும் செய்வார்கள். உப்புத்தாளால் கட்டையை மழமழவென்று தேய்த்து, இரும்பையும் மெருகேற்றிவிடுவார்கள். ஆலையின் முத்திரை, கிடங்கின் முத்திரை எல்லாம் அதோடு போயிற்று. அனுபவசாலிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். 1939-40 குளிர்காலப் போரில் சோவியத் படையிடமிருந்து பின்லாந்து நிறைய ரைபிள்களைக் கைப்பற்றியது. அப்படிக் கைமாறியவற்றில் பின்னாளில் தன் படையின் எழுத்துகளையும் பொறித்தது. ஒரே ரைபிளில் பகைவர் இருவரின் அடையாளம்! தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும். உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டினார்; மாட்சி பெற்ற உடலிலும் அவை இருந்தன. தப்புச் செய்தவரே "நடந்ததை விடுங்க" என்று சொல்லும்போது எனக்கு அந்த உப்புத்தாள்தான் கண்ணில் தெரிகிறது. விடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் அடிபட்டவர்.

ஆனாலும், எவ்வளவு பக்குவமாகத் துடைத்து மாட்டினாலும் ரைபிள் ரைபிள்தான். தோட்டா போட்டால் சுடும். எசாயா இதற்கு மேலும் கேட்கிறார். மொசாம்பிக்கில் 1977-இல் மூண்ட உள்நாட்டுப் போர், சான் எஜிதியோ என்ற கத்தோலிக்கச் சமூகத்தின் முயற்சியால் ரோமில் 1992 அக்டோபர் 4 அன்று கையெழுத்தான உடன்படிக்கையோடு முடிந்தது. துப்பாக்கிகள் மட்டும் வீடுகளிலும் புதர்களிலும் தங்கிவிட்டன. 1995-இல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகள், ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயின் முன்முயற்சியில், ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள் என்று கொடுக்கத் தொடங்கின. வந்த ஆயுதங்களை அறுத்துத் துண்டாக்கினார்கள். அந்தத் துண்டுகளால் ஒரு கலைஞர் செய்த நாற்காலி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடியும் சாய்மானமும் எந்தத் துப்பாக்கியின் பாகம் என்று பார்த்தவுடன் தெரியும். யாரும் அதை மறைக்கவில்லை. இனி அது சுடவும் சுடாது.

கிறிஸ்து பிறப்புக்கு முன் ஒப்புரவுக்கு வருகிறவர்கள், வரும் வழியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். இப்போது நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.