இறையிலி: உரிமையா, அமானிதமா?

‘இறை’ என்னும் தமிழ்ச் சொல் இறைவனையும் குறிக்கும். அரசுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். இறைவழிபாட்டிற்கென விடப்பட்ட நிலத்திற்கு வரி நீக்கி, அதனை ‘இறையிலி’ என்றனர் முன்னோர். பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு இறையிலி அளிக்கப்பட்டதை 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று கூறுகிறது. அது பொறிக்கப்பட்டிருப்பதோ திருப்புல்லாணித் திருமால் கோயிலில்!

சமய நிறுவனங்களுக்கு இவ்வரிவிலக்கு இன்றும் வேண்டுமா என்று சிலர் வினவுகின்றனர். வினவுவோரைப் பகைவராகக் கருதுதல் அறிவுடைமையன்று. வழிபாட்டிற்கென்றே ஒதுக்கப்பட்ட இடங்களுக்குச் சொத்துவரி இல்லை என்பது நம் மாநிலத்து உள்ளாட்சிச் சட்டங்களின் நெடுநாள் மரபு. ஆயினும் ஆவடி மாநகராட்சிக்குட்பட்ட நம் பருத்திப்பட்டில், பள்ளிவாசலின் முன் எரியும் தெருவிளக்கிற்கும் அள்ளப்படும் குப்பைக்கும் செலவு உண்டல்லவா? நாம் செலுத்தாத பங்கை அண்டை வீட்டார் சுமக்கின்றனர். அவர்களுள் பிற சமயத்தாரும் உளர். எனவே விலக்கு என்பது பிறர் பொருளினின்று நமக்குக் கிடைக்கும் உதவி; அஃது ஓர் அமானிதம்.

அமானிதத்தைப் பேணும் முறையை நம் மார்க்கம் அன்றே கற்பித்திருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திப் பலனைத் தருமம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலத்தை விற்றலாகாது, வாரிசுரிமையாக்கலாகாது, நிர்வகிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம், செல்வம் சேர்த்தலாகாது என்று உமர் (ரலி) அவர்கள் நிபந்தனை விதித்தார்கள்.

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் ஏறத்தாழ இதனையே கேட்டது. அறநிலையத்தின் வருமானம் அதை நிறுவியவருக்கோ, நிர்வகிப்பவருக்கோ, அவர்தம் உறவினருக்கோ பயன்படின் விலக்கு இல்லை. வருமானத்தில் 85 விழுக்காடு அதன் நோக்கத்திற்கே செலவாதல் வேண்டும் என்று அது விதித்தது. சட்டம் கேட்பதற்கு முன்பே ஷரீஅத் கேட்டுவிட்டது!

ஆகவே விலக்கை அறவே நீக்குதலும் முறையன்று. நீக்கினால் பெருஞ்செல்வமுள்ள நிறுவனங்கள் வரி செலுத்தி நிலைத்துவிடும். ஏழைகள் காசு சேர்த்துக் கட்டிய சிறு தொழுகையிடமே முதலில் தள்ளாடும். மதரஸாவில் அநாதைச் சிறுவனுக்கு இடும் சோற்றுக்கு வரி கேட்பது எந்த அரசுக்கும் அழகன்று. ஆனால் பள்ளிக்குரிய கடைகளை உற்றார்க்கு அற்ப வாடகைக்கு விட்டுவிட்டு, ‘இது அல்லாஹ்வின் சொத்து, இதற்கு வரியா?’ என்று கேட்பவரும் உளர். அவர் காப்பது அல்லாஹ்வின் சொத்தையன்று, தம் ஆதாயத்தையே. அத்தகைய இடத்தில் விலக்கு நீங்குவதே நீதி.

இறையில்லத்தின் கணக்கை மனிதரிடம் காட்டுவது இழிவென்று கருதுவோர்க்கு ஒன்று சொல்வோம். மறுமையில் கேள்வி கணக்கு உண்டென நம்புகிறவன் இம்மையில் கணக்குக் காட்ட ஏன் கூச வேண்டும்? ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்டிற்கொருமுறையேனும் வரவு செலவை ஜமாஅத்தார் முன் படிப்போம்; எழுதித் தலைவாயிலிலும் ஒட்டுவோம். அவ்வழியே செல்லும் பிற சமயச் சகோதரரும் அதைப் படிக்கட்டும். அவர் சுமக்கும் பங்கு எங்கே செல்கிறது என்பதை அறியும் உரிமை அவருக்கும் உண்டு.

அமானிதத்தைப் பேணும் நல்லியல்பை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.