கடல் எழுந்தால் குற்றம் யாருடையது?

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டின் மீது மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்ததால் எழுந்த பேரலை அக்குப்பங்களிலும் புகுந்தது. படகும் வலையும் பாழாயின. இத்தகைய வேளைகளில், "அவர்கள் செய்த பாவம், அல்லாஹ் தண்டித்தான்" என்று நம்மவரிலும் சிலர் கூறிவிடுகின்றனர். அவ்வாறு கூற மார்க்கம் இடந்தருகிறதா?

கடல் பொங்கப் பூகம்பம் மட்டுமே காரணமன்று. விண்கல் வீழ்ந்தாலும் பேரலை எழும். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்ஸிகோ கரையில் அவ்வாறு நிகழ்ந்தது. நமது இந்து மகா சமுத்திரத்திலும், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 29 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றைச் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் வீழ்ந்த தடம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். மடகாஸ்கர் கரையிலுள்ள மணல் மேடுகளை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். அவை காற்று குவித்தவையே என மற்றவர்கள் மறுக்கின்றனர். "இதுவே நூஹ் (அலை) காலத்துப் பிரளயம்" என அவசரப்படுவோரும் உண்டு. நமது ஈமான் அப்பள்ளத்தை நம்பி நிற்கவில்லை.

"லூத் (அலை) அவர்களின் சமூகத்தார் மீது கல்மாரி பொழியவில்லையா?" எனச் சிலர் கேட்கலாம். பொழிந்தது உண்மையே. ஆயினும் அது தண்டனை என்பதை வஹீயினால் அல்லவா அறிந்தோம்? தூதர் வந்தார்; எச்சரித்தார்; அவர்கள் மறுத்தனர். வஹீயோ நாயகம் (ஸல்) அவர்களோடு நிறைவுற்றது. இனி எந்த அலை தண்டனை, எது சோதனை எனத் தீர்ப்பளிக்க நமக்கு அதிகாரமில்லை.

ஹிஜ்ரி 10ல் நாயகத்தின் அருமைப் பாலகர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அம்மரணமே காரணம் என மக்கள் பேசினர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை மறுத்து, தொழுகையையும் துஆவையும் தர்மத்தையும் ஏவினார்கள். தம் மகனின் சிறப்புக்குக்கூட வானத்தைச் சாட்சியாக்க மறுத்த நபியின் உம்மத்தார், ஏழை மீனவரின் இழிவுக்குக் கடலைச் சாட்சியாக்கலாமா?

அதே 2004 பேரலையில் மிகுதியாக மடிந்தோர் ஆச்சே பகுதி முஸ்லிம்களே. நீரில் மூழ்கி மரிக்கும் முஃமினை ஷஹீதுகளில் சேர்த்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மூழ்கியவரைப் பாவி என்போர் இதைச் சிந்திக்கட்டும்.

ஆபத்து நாளில் பாவத்தைத் தேட வேண்டிய இடம் நம் சொந்த உள்ளம். அங்கே தவ்பா வேண்டும். அண்டை வீட்டார் எம்மதத்தினராயினும், அவருக்கு நாம் தர வேண்டியது உதவிக்கரம். 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் சொல் கேட்டு மேடேறுவதும், பிறரை ஏற்றிவிடுவதும் தவக்குலுக்கு மாறானவையல்ல.

வல்ல நாயன் நம் உயிர்களோடு நம் நாவுகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.