மூன்றரை வயதில் பார்த்த பனி

சிறு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பனிமலைக்கோ கடற்கரைக்கோ போய்வருவது நடுத்தரக் குடும்பங்களின் ஆண்டு வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் பனிப்பொழிவு கிடையாது. ஊட்டியில் மார்கழி, தை விடியற்காலைகளில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியோடு சரி. கையில் அள்ளுகிற பனி வேண்டுமென்றால் மணாலிக்கோ குல்மார்க்குக்கோதான் போக வேண்டும். கடலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாநிலத்தின் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது.

பனிப் பயணம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?” கேள்வியில் கஞ்சத்தனம் கொஞ்சம் இருக்கலாம், நியாயமும் இருக்கிறது. இதற்குச் சட்டென்று பதில் சொல்லவிடாமல் உறுத்துகிற சம்பவம் ஒன்று உண்டு.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் மே மாத விடுமுறையில் மணாலிக்குப் போனது. அப்பா, அம்மா, மூன்றரை வயதுப் பெண். மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்கு ஏறும் சாலையோரம் வாடகைத் துணிக் கடைகள் வரிசையாக இருக்கும். தடித்த கோட்டு, கையுறை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு கடைச் சாமான் இன்னொரு கடைக்குப் போய்விடாதிருக்க அதன்மேல் பெயின்டால் எண் போட்டிருப்பார்கள். குழந்தைக்குக் கிடைத்த பூட்ஸில் 47. அவள் அப்போதுதான் எண்களைத் தனித்தனியாகப் படிக்கக் கற்றிருந்தாள். பனியில் இறக்கிவிட்டதும் குனிந்து காலைப் பார்த்து “நாலு, ஏழு” என்றாள். அடுத்த காலைப் பார்த்தாள். அதிலும் நாலு, ஏழு. ஒரே எண் இரண்டு காலிலும் இருந்தது அவளுக்குத் தாளாத ஆச்சரியம். சுற்றிலும் மலை வெளுத்துக் கிடக்க, அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிப் படித்துக்கொண்டே இருந்தாள். “மேல பாரு, பனியப் பாரு” என்று பெற்றோர் கெஞ்சினார்கள். கையுறை நனைந்ததும் அழுகை தொடங்கியது. அரைமணி நேரத்தில் இறங்கிவிட்டார்கள். பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது அழுகை இன்னும் பெரிதானது.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு குடும்ப விசேஷத்தில் அந்தப் படங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. பெண் தானாகவே சொன்னாள்: “நான் பனிய உருட்டி அப்பா மேல எறிஞ்சேன், அப்பா கீழ விழுந்துட்டாங்க.” அவள் எறியவில்லை, யாரும் விழவுமில்லை. “பூட்ஸ்ல ஒரு நம்பர் இருந்துச்சே?” என்று அம்மா கேட்டதற்கு விழித்தாள். படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாமே முழங்காலுக்கு மேல் எடுத்தவை. அவள் அன்று பார்த்த ஒரே பொருள் ஒரு படத்திலும் இல்லை.

மறந்ததில் வியப்பில்லை. மனிதருக்கு முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில் நடந்தவற்றில் பெரும்பாலானவை பெரியவரான பின் நினைவில் தங்குவதில்லை. உளவியல் இதைக் குழந்தைப்பருவ மறதி என்கிறது. 1890களிலேயே மக்களிடம் முதல் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்திருக்கிறார்கள். சிக்மண்ட் பிராய்ட் 1905இல் இதற்குக் காரணம் மனம் அவற்றை அமுக்கிவைப்பதே என்றார். இன்றைய ஆய்வாளர்கள் மூளையின் வளர்ச்சியில் காரணம் தேடுகிறார்கள். நினைவுகளைக் கோத்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சிறு வயதில் புது நரம்பணுக்கள் மளமளவென்று பிறக்கின்றன. புதியவை இணையும்போது பழைய தொடர்புகள் குலைகின்றன என்பது டொரன்டோவில் எலிகளை வைத்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கருத்து.

மறதி உடனே வந்துவிடுவதுமில்லை. மூன்று வயதில் நடந்தவற்றைத் தாயோடு பேசவைத்துப் பதிந்துகொண்டு, அதே குழந்தைகளைச் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டுப் பார்த்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் பாட்ரீஷியா பாவரும் மரினா லார்கினாவும். ஐந்திலிருந்து ஏழு வயது வரை 60 சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மதுரைப் பெண்ணிடம் நாலு, ஏழைப் பற்றிக் கேட்டபோது அவளுக்கு எட்டரை வயது. இரண்டு ஆண்டுகள் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஒருவரும் கேட்கவில்லை. பனியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நியூசிலாந்தில் சிம்காக், ஹேன் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட சோதனை இந்தப் பெண்ணின் கதைக்கு இன்னும் நெருங்கிவருகிறது. பெரிய பொம்மையைப் போட்டால் குட்டிப் பொம்மையாக வெளியே தரும் மாயப்பெட்டி ஒன்றைச் செய்து இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுத்தார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் கேட்டபோது, விளையாடிய நாளில் எந்தச் சொற்கள் அவர்களிடம் இருந்தனவோ அவற்றை வைத்தே குழந்தைகள் அதைச் சொன்னார்கள். இடையில் கற்ற புதுச் சொற்கள் பழைய நினைவுக்கு உதவவில்லை. ரோத்தாங்கில் நின்ற குழந்தையிடம் பனிக்கு என்ன சொல் இருந்திருக்கும்? நாலும் ஏழும் இருந்தன. அவள் தன்னால் படிக்க முடிந்ததைப் படித்தாள்.

அப்படியானால் எறியாத பனியுருண்டை எங்கிருந்து வந்தது? ஜான் பியாஜே எழுதிவைத்த ஒரு செய்தி இங்கே பொருந்தும். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்தவர்களில் தலையாயவர் அவர். பாரிஸ் நகரச் சாலையில் குழந்தை வண்டியில் இருந்தபோது தன்னைக் கடத்த ஒருவன் முயன்றதும், தாதி அவனோடு போராடியதில் அவள் முகத்தில் கீறல் விழுந்ததும், போலீஸ்காரர் வந்ததும் அவருக்குக் கண்ணால் கண்டதுபோல் நினைவிருந்தன. அவருக்குப் பதினைந்து வயதானபோது அந்தத் தாதி கடிதம் எழுதினாள்: நடந்ததாகச் சொன்னதெல்லாம் தான் புனைந்தது. பாராட்டிக் கொடுத்த கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டார் திரும்பத் திரும்பச் சொன்ன கதை சிறுவனுக்குள் காட்சியாகவே உறைந்திருக்கிறது. 2002இல் வெளியான இன்னொரு சோதனையில், வெப்பக்காற்று பலூனில் சிறுவயதில் பறந்ததுபோல் ஒட்டுப்போட்டுத் தயாரித்த படத்தைக் காட்டியபோது, கலந்துகொண்ட 20 பேரில் பாதிப் பேர் நடக்காத பயணத்தின் ஏதோ ஒரு துணுக்கையாவது ‘நினைவுகூர்ந்தார்கள்’. பனியுருண்டையும் இந்த வகைதான். படத்தில் பனி இருக்கிறது, அப்பா சிரிக்கிறார். நடுவில் ஒரு கதை வேண்டியிருந்தது.

இதனால் குடும்பக் கதைகள் பொய் என்றாகிவிடாது. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு முதல் நினைவு சராசரியாக மூன்று வயது நிறைவதற்கு முன்பே தொடங்குகிறது. அந்த நாட்டு ஐரோப்பிய வம்சத்தாரைவிட இது ஏறக்குறைய பத்து மாதம் முந்தையது. கடந்தகாலத்தைப் பேசிப் பேசிக் காப்பது அவர்கள் பண்பாட்டில் ஊறியது. காரணமாக ஆய்வாளர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். பேசினால் நினைவு நிற்கும். எதைப் பேசினார்கள் என்பதுதான் சிக்கல்.

படங்களே இல்லாத குழந்தைப் பருவங்களும் இருந்தன. 1980களில் வளர்ந்தவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஆச்சி வீடு. ஒரு பிலிம் சுருளில் 36 படம், அதுவும் கல்யாணத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்தால்தான். அந்தத் தலைமுறையில் பலருக்கு மூன்று வயதுக்குள் எடுத்த படம் என்று ஒன்றே ஒன்று கிடைக்கும்: மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசி, காதில் ரத்தத் துளியும் கண்ணில் நீருமாக மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும் படம். தென் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் கடலை முதலில் பார்த்ததே அந்த நாளில்தான். முருகனின் ஆறு படைவீடுகளில் கடற்கரையில் இருப்பது திருச்செந்தூர் ஒன்றே. மொட்டை போட்ட கையோடு பிள்ளையைக் கடலில் முக்கி எடுப்பார்கள். எரிகிற காதில் உப்புத்தண்ணீர் படும். அந்தக் குழந்தை கத்துகிற கத்து கோயில் வாசல் வரை கேட்கும்.

மதுரைப் பெண்ணுக்கும் ஒரு வயதில் அங்கேதான் மொட்டை. வேண்டுதல் அப்பத்தாவுடையது. மணாலி என்றதும் “அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது” என்று கேட்டதும் அதே அப்பத்தாதான். திருச்செந்தூருக்குப் புறப்பட்ட அன்று அந்தக் கேள்வி அவர் வாயில் வரவில்லை. வேறு எவர் வாயிலும் வரவில்லை. ஒரு வயதுக் குழந்தை மொட்டையை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அந்தப் பயணம் வீண் என்று எவரும் நினைப்பதுமில்லை. அது சாமிக்கும் குடும்பத்துக்குமான கணக்கு, குழந்தை அதில் ஒரு பங்காளி. மணாலிப் பயணமோ குழந்தைக்காகவே போனதாகச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொன்ன பிறகு அது பனியைப் பார்க்க வேண்டும், மகிழ வேண்டும், பின்னாளில் நினைவிலும் வைத்திருக்க வேண்டும். பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றோருக்கு மனம் நோகிறது. “உன்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனோம் தெரியுமா” என்று பிற்பாடு வீடுகளில் கேட்கும் குரலில் பாதி அன்பு, பாதி பாக்கி வசூல்.

கடற்கரையில் இந்த நோவு குறைவு. பார்த்தே ஆக வேண்டிய காட்சி என்று அங்கே ஒன்றுமில்லை. மணலை வாளியில் அள்ளிக் கொட்டி, மறுபடி அள்ளுகிற குழந்தையை யாரும் “மேல பாரு” என்று அதட்டுவதில்லை. அலை பின்வாங்கும்போது காலடி மணல் கரைந்து இறங்கும் கூச்சத்தையே ஒரு மணி நேரம் அனுபவித்துக்கொண்டு நிற்கலாம். வந்த செலவு வசூலாக வேண்டும் என்ற அவசரம் இருநூறு ரூபாய் பஸ் பயணத்தில் இல்லை. சிறு பிள்ளையோடு போவதற்குக் கடல் பனியைவிடப் பல மடங்கு மேல். பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

உடலும் அதையே சொல்கிறது. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோத்தாங் 3,978 மீட்டர். 51 கிலோமீட்டர் சாலையில் சில மணி நேரத்துக்குள் இவ்வளவு ஏற்றம். 2,500 மீட்டரைத் தாண்டினால் உயரநோய் வரக்கூடும். பெரியவர் தலைவலி என்று சொல்லிவிடுவார். சொல்லத் தெரியாத பிள்ளை சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளும், காரணமில்லாமல் அழும். எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம் என்பதால் சிறு உடல் சூட்டையும் விரைவில் இழக்கிறது. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி எறிகிறது. கடற்கரை மணல் ஏறக்குறைய 15 சதவீதம்தான். அந்தப் பெண் அழுதது நனைந்த கையுறைக்காகத்தானா, உயரம் செய்த வேலையா என்பதை இனிமேல் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியிருந்தும் இந்த வயதில்தான் போகிறார்கள். ஒரு காரணம் டிக்கெட். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டாம், சிறு கட்டணத்தோடு மடியில் வைத்துக்கொள்ளலாம். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமே இல்லை. ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து பெரியவருக்கான முழுக் கட்டணம். இலவசம் முடிகிற வயதுக்குச் சற்று முன்னால்தான் நினைவு தொடங்குகிறது. இன்னொரு காரணம் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் விடுப்புக் கிடைக்காது. மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை: பெற்றோருக்குத்தான் பனியைப் பார்க்க வேண்டும். அவர்களும் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நினைவில் நிற்காதது ஒன்றுமே செய்யாமல் போய்விடுகிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. குட்டிப்பருவத்தில் கற்று மறந்துவிட்டதாகத் தோன்றிய நினைவை, வளர்ந்த எலியின் மூளையில் அதே நரம்பணுக்களை ஒளியால் தூண்டி மீட்டிருக்கிறார்கள் டொரன்டோ ஆய்வாளர்கள். அது 2018இல் வெளியானது. 2025இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு, விழித்திருக்கும் கைக்குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்து, ஒரு வயதை ஒட்டியே ஹிப்போகாம்பஸ் பதிவுசெய்யத் தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. பதிவாகிறது என்பதற்கு இவை சான்று. அந்தப் பதிவு மனிதருக்குள் எவ்வளவு காலம் இருக்கும், எட்டாத இடத்தில் இருந்துகொண்டு குணத்தையோ அச்சத்தையோ ஆசையையோ தொடுமா என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. தொடும் என்று நம்பிப் போகிறவர்களும் உண்டு, தொடாது என்று தெரிந்தே போகிறவர்களும் உண்டு. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இப்போது வழியில்லை. அது தெரியும்வரை, மணாலிக்கான செலவைக் குழந்தையின் பெயரில் எழுதாமல் பெற்றோர் தங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்வதுதான் நியாயம்.